களிக்கு வாங்கிய ரயர்

என் புருசன் றெனால்டும் என் தம்பி அன்ரனியும் எந்த விசயத்திலும் ஒத்துப்போய் நான் கண்டதில்லை. குழம்புக்குப் புளி கூடிவிட்டது என்று இவர் சொன்னால் காணாது என்பான் அவன். மழை வரும் என்று அவன் சொன்னால், வேண்டுமென்றே ஈர உடுப்பை வெளியில் கொண்டுபோய்க் காயப்போடுவார் இவர். இரண்டு நாம்பன் மாட்டை ஒரே கட்டையில் கட்டி வைத்துச் சோறு போட்டதுதான் என் சீவியம். ஒரேயொரு விசயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே வாய். உழவு மெசினின், அதுதான் டிராக்டரின், பின் ரயர் என்றால் அது தேய்ந்து மொட்டையாக இருக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். நாங்கள் வங்காலைக் கடற்கரை ஆட்கள். எங்களுக்கு உழவு மெசின் உழுவதற்கு இல்லை, கடலில் விட்ட கரைவலையைக் கரைக்கு இழுப்பதற்கு. புது ரயரின் பல் மணலைக் கிளறும், மெசின் தன் குழியைத் தானே தோண்டி உள்ளே இறங்கிவிடும். தேய்ந்த ரயர் மணலுக்கு மேலால் போகும். ரியூபுக்குள் முக்கால்வாசிக்குக் கடல் தண்ணீர் நிரப்புவோம். அந்தப் பாரம் இல்லாவிட்டால் மீன் விழுந்த வலை மெசினையே கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். கயிறு கொளுவுகிற வளையத்தை சீற்றுக்குப் பின்னால், ஆள் நெஞ்சு உயரத்தில் வெல்டிங் பிடித்து ஒட்டி வைப்போம். தாழ்வாக இருந்தால் கயிறு மணலில் உரஞ்சி அறுந்துவிடும். எங்கள் மெசினில் வளையத்தை ஒட்டியவன் அன்ரனி. ஒட்டு கோணல் என்று றெனால்ட் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

பிறகு மெசினால் கரைவலை இழுக்கக்கூடாது என்று தடை வந்தது. கையால் இழுங்கள் என்றார்கள். கை எங்கே இருக்கிறது? ஊர்ப் பெடியன்கள் பாதிப்பேர் வெளிநாட்டில். எங்கள் மெசினும் றெனால்டின் தமையன் சிங்கராசாவின் மெசினும் ஒரே கொம்பனி, ஒரே அளவு. ஒன்றில் கழன்றதை மற்றதில் பூட்டி ஓட்டுவார்கள். இரண்டும் வேலியோரம் நின்று துருப்பிடித்தன. றெனால்ட் பொறுத்துக்கொண்டார். அன்ரனி பொறுக்கவில்லை. சவுதிக்கு டிரைவராகப் போகிறேன் என்று ஒரு ஏஜென்சிக்காரனிடம் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான்.

எனக்கு வந்த கோபம்! அம்மா சாகும்போது அவன் பால்பல் விழாத பிள்ளை. நாங்கள் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து மரத்துக்கு மரம் கூடாரம் கட்டிக்கொண்டு திரிந்த காலம். அவனுக்கு எழுத்துப் படிப்பித்தது, காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போட்டது, முதன்முதல் கள்ளுக் குடித்துவிட்டு வந்தபோது விளக்குமாற்றால் அடித்தது, எல்லாம் நான். கலியாணம் கட்டடா என்றால், "உன்னை மாதிரி ஒருத்தி வந்து சேர்ந்தா என்ன செய்யிறது எண்டு பயமாக் கிடக்கு" என்று சொல்கிற வாய். அந்த வாயைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுப் போனில் முகம் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் ஏலாது.

"நீ போனா அக்கா செத்துப்போனாள் எண்டு நினைச்சுக்கொண்டு போ," என்றேன்.

"செத்தவீட்டுக்கு லீவு தருவாங்களோ எண்டு கேட்டுப் பாக்கிறன்," என்றான்.

அகப்பையால் எறிந்தேன். குனிந்து தப்பிவிட்டான்.

அந்த நேரத்தில்தான் புயல் வந்தது. முருங்கனுக்கு உள்பக்கம் அரசாங்கம் வைத்த தேக்கங்காட்டில் பாதி மரம் சரிந்தது. விழுந்த மரத்தை எடுக்கும் கொந்தராத்து மரக்காலை வைத்து மரம் விற்கிற அப்துல் றசாக் என்பவருக்குக் கிடைத்தது. அவருக்கு இரண்டு மெசின் தேவைப்பட்டது. ஒன்று, காட்டுக்குள்ளிருந்து மரத்தைச் சங்கிலி போட்டு றோட்டுக்கு இழுத்துவர. மற்றது, றோட்டிலிருந்து இழுவைப் பெட்டியில் ஏற்றி மரக்காலைக்குக் கொண்டுபோக. சிங்கராசா விண்ணன், முந்திக்கொண்டு றோட்டு வேலையைப் பிடித்துக்கொண்டார். காட்டு வேலை எங்கள் தலையில் விழுந்தது.

நான் அன்ரனியிடம் கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் சாப்பிடாமல்கூடப் படுத்தேன். கடைசியில் இறங்கி வந்தான். "சரி, விடு. இந்த வேலை ஓடுமட்டும் இஞ்ச நிக்கிறன். வேலை நிண்டுதோ, அடுத்த பிளேன்," என்றான். எனக்கு அது போதும். சமைத்துப் போட ஆள் வேண்டும் என்று சொல்லி நானும் அவர்களோடு காட்டுக்கு வெளிக்கிட்டேன். இரண்டு பேரையும் தனியே விட்டால் ஒருவரை ஒருவர் சங்கிலியால் அடித்துக் கொன்றுவிடுவார்கள்.

முருங்கன் களி தெரியுமா உங்களுக்கு? கறுப்பு மண். காய்ந்தால் கல், நனைந்தால் பசை. நாலு எட்டு வைத்தால் ஆளுக்குக் கால் இரண்டும் பானையளவு வீங்கிவிடும், அவ்வளவு மண் ஒட்டும். அதற்குள் எங்கள் கடற்கரை மெசின் போய் என்ன செய்யும்? முதல் நாளே மொட்டைச் சில்லு நின்ற இடத்தில் நின்று சுற்றியது. சேற்றை அள்ளி றெனால்டின் முகத்தில் அடித்தது. பிறகு மெல்ல மெல்ல அச்சு வரைக்கும் இறங்கி அமர்ந்துகொண்டது. வேறு காணியில் வேலை செய்த மெசின் ஒன்றைக் கூப்பிட்டுத்தான் வெளியில் எடுத்தார்கள்.

றசாக் நானா வந்து பார்த்தார். குரல் உயர்த்துகிற ஆள் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அன்ரனி, மனசில ஒண்டும் வெச்சுக்காத. அடுத்த மழைக்கு முந்தி மரம் வெளியில வரணும். இன்னொருக்கா இப்பிடிப் புதைஞ்சா நான் வவுனியாவில இருந்து வேற மெசின்தான் எடுக்கணும்."

"விளங்குது நானா," என்றான் அன்ரனி.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அவன் தேத்தண்ணீர் கேட்கவில்லை. அத்தானோடு சண்டைக்கும் போகவில்லை. அலுமாரியைத் திறந்து எதையோ கிளறினான்.

"என்ன தேடுறாய்?"

"என்ர போட்டோ ரெண்டு கிடந்தது. ஏஜென்சிக்காரன் கேட்டவன்."

"ரயர் வாங்குவம்," என்றேன்.

திரும்பிப் பார்த்தான். றெனால்டும் பார்த்தார். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், அது என் கழுத்துக்குத் தெரியும்.

மூன்று பேருமாக மன்னார் ரவுணுக்குப் போய் ரயர்கடையில் இறங்கினோம். என் மனுசனின் கண் நேரே போய் விழுந்தது, தேய்ந்த ரயருக்கு மேலே புதுப் பல் ஒட்டி விற்கிற ரகத்தில். விலை குறைவல்லவா. அன்ரனி அந்த ஒட்டுக்குள் நகத்தை விட்டுக் கிளப்பிக் காட்டினான்.

"அத்தான், களி ஒருக்கா இழுத்தா இது செருப்பு அடி கழண்ட மாதிரிக் கழண்டு போகும்."

"உனக்கு எல்லாம் புதுசு வேணும். காசு என்ன, உன்ர கொப்பன்ரயோ?"

"உங்கட கொப்பன்ரயும் இல்லை. அக்கான்ர."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வயல் ரயரைக் காட்டினார். பல் ஒவ்வொன்றும் நாலு விரல் உயரம். றெனால்ட் மயங்கிவிட்டார். "இதுதான்! பல்லைப் பார், முதலைக்குக்கூட இப்பிடி இல்லை," என்றார். அன்ரனி குந்தியிருந்து ரயரின் பக்கத்தைக் கையால் அமத்தினான். வளைந்து கொடுத்தது.

"பல் திறம். பக்கம் மெல்லிசு. வயலுக்குள்ள என்ன கிடக்கு, நண்டு. காட்டுக்குள்ள அடிக்கட்டை கிடக்கு. சேத்துக்குள்ள தெரியாமல் ஒண்டு குத்திச்சோ, சரி, சரித்திரம் முடிஞ்சுது."

மூன்றாவது, காட்டு வேலைக்கென்றே செய்த ரயர். பக்கம் பலகை மாதிரி. பல் வயல் ரயர் அளவு உயரம் இல்லை, ஆனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் என் கை முழுதாகப் போனது. நெருக்கமாகப் பல் இருந்தால் களி இடையில் இறுகி, ஒரு சுற்றிலேயே மொட்டை ரயராகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். இது சுற்றும்போது தானே உதறிவிடுமாம். றெனால்ட் தட்டிப் பார்த்தார். மணந்துகூடப் பார்த்தார், மீன் வாங்குகிற ஆள் அல்லவா. விலையைக் கேட்டதும் வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ரயரைப் பற்றி என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. "இது வழுக்குமோ?" என்று மட்டும் கேட்டேன். "வழுக்காது அக்கா. பிடிச்சா விடாது," என்றார். வழுக்காத ரயர் என்றால் புதையாத மெசின். புதையாத மெசின் என்றால் போகாத தம்பி. என் மண்டைக்குள் ஓடியது அவ்வளவுதான்.

"இதை ஏத்துங்கோ," என்றேன்.

ரயரைப் பூட்டிய கையோடு மெசினைக் கரைக்கு விட்டு, பம்பு வைத்துக் கடல் தண்ணீர் நிரப்பினார்கள். மரம் இழுக்கிற மெசினுக்கு இது தேவையா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. எங்கள் ஊரில் மெசின் ரயரை வெறும் காற்றோடு விடுவது, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல் விடுவது மாதிரி.

"பாரம் இருந்தாத்தான் பல் ஆழமாப் பிடிக்கும்," என்றார் றெனால்ட்.

"ஓமத்தான். உண்மைதான்," என்றான் அன்ரனி.

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதே இல்லை. வளையத்தையும் இருந்த இடத்திலேயே விட்டார்கள். நெஞ்சு உயரத்தில், கயிறு மணலில் உரஞ்சாத உயரத்தில்.

பொய் சொல்லக்கூடாது, அந்த ரயர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. முன்பு புதைந்த அதே இடத்தில் மெசின் இறங்கியது, உறுமியது, களியை இரண்டு பக்கமும் துப்பிக்கொண்டு ஏறி வந்தது. பின்னால் தேக்கு ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அன்ரனி சீற்றில் எழும்பி நின்று எனக்குக் கும்பிடு போட்டான். மரம் வெட்டுகிற மாரிமுத்து மெசின் வாளை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அவன் குடும்பம் மலைநாட்டிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறியது, பேச்சு இன்னும் மாறவில்லை.

"ஏங்க்கா, உங்க தம்பிய விட்டா மெசினோட மரத்துலயே ஏறிருவாரு போல இருக்கே," என்றான்.

"கண் வைக்காத. வாயைக் கழுவு," என்றேன். சிரிப்பு வந்தது எனக்கு. எத்தனை மாதத்துக்குப் பிறகு.

றசாக் நானாவும் வந்து பார்த்துவிட்டு, அடுத்த காணியும் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ஏஜென்சிக்காரன் போன் எடுத்தபோது அன்ரனி திரையைப் பார்த்தான், போனைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டான். நான் அடுப்படியில் திரும்பி நின்று மருதமடு மாதாவுக்கு ஒரு கட்டு மெழுகுதிரி நேர்ந்தேன்.

அது நடந்த அன்று காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. காணி ஓரத்தில் தகரம் போட்ட கொட்டில்தான் எங்கள் குசினி. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கூப்பிடு தூரத்தில் அன்ரனி ஒரு பெரிய தேக்கை இழுத்து வந்தான். றெனால்ட் பக்கத்தில் நடந்து வந்தார், வழக்கம்போல ஏதோ ஏசிக்கொண்டு. பாதி வழியில் மரம் நின்றுவிட்டது. அதன் தலைப்பு சேற்றுக்குள் தெரியாமல் கிடந்த ஒரு அடிக்கட்டையில் கொளுவிக்கொண்டது. அன்ரனி திரும்பிப் பார்த்தான். பிறகு எஞ்சினைக் கூட்டினான்.

மொட்டை ரயர் என்றால் இந்த இடத்தில் சில்லு வழுக்கிச் சுற்றும். அவன் இரண்டு தூசணம் சொல்லிவிட்டு இறங்குவான். அவ்வளவுதான் நடக்கும். கடற்கரையில் வலை கடலடிப் பாரில் மாட்டும்போதெல்லாம் அப்படித்தான் நடந்தது. ஆனால் இது வழுக்காத ரயர். போதாததற்குக் கடல் தண்ணீர் வேறு அதைக் களிக்குள் அமத்திப் பிடித்தது. மரம் வரமாட்டேன் என்றது. சில்லு சுற்றமாட்டேன் என்றது. எஞ்சின் விடமாட்டேன் என்றது. சங்கிலியோ நெஞ்சு உயரத்தில் மெசினைப் பின்பக்கமாகப் பிடித்து இழுக்கிறது. தாழ்வாகக் கட்டியிருந்தால் அது மெசினை நிலத்தோடு அமத்தியிருக்கும், உயரத்தில் கட்டியதால் மல்லாத்தியது. இதை எனக்கு எந்த மெக்கானிக்கும் சொல்லித் தரவில்லை, நான் கண்ணால் கண்டேன். முன்சில்லு இரண்டும் நிலத்தை விட்டுக் கிளம்பின. நான் "எடேய்" என்று கத்தினேன். கத்தி முடிக்கவில்லை, மெசின் மல்லாக்க விழுந்து கிடந்தது. நாலு சில்லும் மேலே. என் தம்பி கீழே.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கையில் வெங்காயம் உரித்த கத்தி அப்படியே இருந்தது.

உயிரோடு இருந்தான். கல்லுத் தரையாக இருந்தால் அந்த நொடியே நசிந்திருப்பான், களி இடம் கொடுத்திருக்கிறது. நெஞ்சும் தலையும் வெளியில். இடுப்புக்குக் கீழே சீற்றும் சில்லை மூடுகிற மட்காட்டும், அதற்கு மேலே முழு மெசினும். கண், மூக்கு, வாய் எல்லாம் சேறு. நான் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன்.

"அக்கா, காலைக் காணேல்லை. இருக்கோ எண்டு பாரன்."

"இருக்கு. ரெண்டும் இருக்கு. வாயை மூடிக்கொண்டு கிட."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சேறுதான் தெரிந்தது.

காணியில் நின்ற வேலையாட்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள், மெசின் அசையவில்லை. மெசினைத் தூக்க ஜக்கை வைத்தார்கள், அது பலகையோடு களிக்குள் போனது. இரும்பு அலவாங்கு போட்டுக் கிளப்பினார்கள், அலவாங்கும் போனது. மண்வெட்டியால் வெட்ட வெட்ட, வெட்டிய குழிக்குள் களி கஞ்சி மாதிரித் திரும்ப வந்தது. றெனால்ட் போன் வேலை செய்கிற இடம் தேடி றோட்டுக்கு ஓடினார். திரும்பி வந்து, அம்புலன்ஸ் வருகிறது, ஆனால் றோட்டு மட்டும்தான் வரும் என்றார். முன்பு எங்களை இழுத்துவிட்ட மெசின் வேலை முடிந்து போய்விட்டது, மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் ஒன்று முருங்கனில் நிற்கிறது, மதகு வெள்ளத்தில் உடைந்ததால் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும் என்றார். எப்போது வரும் என்று நான் கேட்டேன். அவர் மண்வெட்டியை எடுத்து வெட்டத் தொடங்கினார்.

மெசின் இறங்கிக்கொண்டிருந்தது. நான்தான் முதலில் கண்டேன். அவன் வயிற்றுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் முன்பு என் கை போனது. இப்போது விரல்தான் போனது.

"கீழ போகுது! ஐயோ, கீழ போகுது, ஆராவது ஏதாவது செய்யுங்கோ!" என்று கத்தினேன்.

றோட்டில் மரம் ஏற்றிக்கொண்டு நின்ற சிங்கராசா தன் மெசினைப் பெட்டியிலிருந்து கழற்றி, றோட்டை விட்டுக் காணிக்குள் திருப்பினார். மொட்டை ரயர். கொஞ்சத் தூரம் வந்தது, சுற்றியது, நின்றது. பின்னுக்கு எடுத்து இன்னொரு பக்கத்தால் வந்தார். அங்கேயும் சுற்றியது. திரும்ப றோட்டில் ஏற்றி விட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தார். வந்தவர் அன்ரனியைப் பார்க்கவில்லை. மேலே நின்ற சில்லைப் பார்த்தார்.

"றெனால்ட், சில்லைக் கழட்டு. என்ர மெசினுக்குப் பூட்டுவம்."

"விசரோ உனக்கு? அவன் கீழ கிடக்கிறான்!"

"அதுக்குத்தான்ரா சொல்லுறன்! மனிசன்ர கையால இது அசையாது, மெசின்தான் அசைக்கும். மெசின் உள்ளுக்கு வாறதெண்டா இந்த ரயர் வேணும். சில்லுக் கழண்டா இதின்ர பாரமும் குறையும். நிண்டு கதைக்காத!"

 என் மனுசன் ஓடிப்போய் ஸ்பானரை எடுத்து வந்தார்.

தண்ணீரோடு அந்தச் சில்லை ஒருவராலும் தூக்க முடியாது. மாரிமுத்து சில்லைத் திருப்பி வால்வைக் கீழே கொண்டுவந்து கழற்றினான். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து நேரே அன்ரனியின் முகத்திலும் என் தலையிலும் அடித்தது. கடல் மணந்தது. அந்தக் காட்டுக்குள், தேக்கிலைக்கும் சேற்றுக்கும் நடுவில், எங்கள் வங்காலைக் கடல். நான் என் கையால் அவன் முகத்தை மூடினேன். அவன் என் விரலுக்கு இடையால் நாக்கை நீட்டி உதட்டை நக்கினான்.

"உப்பு," என்றான். "அக்கா, அத்தான் காட்டுக்குள்ளயும் கரைவலை போடப் பாக்கிறார்."

றெனால்ட் நட்டைக் கழற்றிக்கொண்டே அழுதார். "வாயை மூடு மச்சான். உன்னை வெளியில எடுத்துப்போட்டு உனக்கு வைக்கிறன் இண்டைக்கு."

"முதல்ல எடுங்கோ, பாப்பம்."

இரண்டு சில்லையும் கழற்றி உருட்டிக்கொண்டு போனார்கள். உருளுகிற சில்லா அது, பாதித் தூரம் இழுத்தார்கள், பாதித் தூரம் சுமந்தார்கள். விழுந்தார்கள், எழும்பினார்கள். எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். நானும் தம்பியும் மட்டும். நான் அவனைச் சுற்றிவரக் கையால் களியை அள்ளி அள்ளி எறிந்துகொண்டிருந்தேன். என் நகமெல்லாம் கிழிந்துவிட்டது, நோகவில்லை.

"சவுதியில சேறே இல்லையாம் அக்கா," என்றான். குரல் இறங்கிவிட்டது. "முழுக்க மணல். மொட்டை ரயரே காணும்."

 பிடித்து வைத்தேனே, பிடித்து வைத்தேனே என்று எனக்குள் கத்தியது.

"போ," என்றேன். "நான் மறிக்கேல்லை. எழும்பி வா, நானே கட்டுநாயக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் பிளேன் ஏத்தி விடுறன்."

"உண்மையாவோ?"

"மாதாவாணை."

"போன் எடுத்து அழக்கூடாது."

"அழமாட்டன்."

"இப்பவே அழுறாய்."

"மழைத் தண்ணி. பொத்து வாயை."

குளிருது என்றான். நான் அவன் பக்கத்தில் சேற்றில் சரிந்து படுத்து, என் கன்னத்தை அவன் கன்னத்தோடு வைத்துக்கொண்டேன். சின்ன வயதில் கூடாரத்துக்குள் மழை ஒழுகும்போது அப்படித்தான் படுப்போம். அவன் கை என் கையைப் பிடித்திருந்தது. ஏதேனும் சொல்லுவான் என்று காத்திருந்தேன். பிடி இளகியது. நித்திரை கொள்ளாதே என்று கன்னத்தில் தட்டினேன். பிறகு அடித்தேன். மூக்கடியில் விரல் வைத்தேன். கழுத்தில் வைத்தேன். நெஞ்சில் காதை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் இல்லை. கண் பாதி திறந்திருந்தது. அதை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் றோட்டுப் பக்கம் மெசின் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

வந்தது. ஐயோ, எப்படி வந்தது! ஒரு இடத்தில் வழுக்கவில்லை, ஒரு இடத்தில் நிற்கவில்லை. கொஞ்சம் முன்பு நின்று சுற்றிய அதே மெசின், அந்தக் களியைக் கிழித்துக்கொண்டு நேரே என்னை நோக்கி வந்தது. சனம் பின்னாலே ஓடி வந்தது. "வருது! வருது! விடாத, அடி!" என்று கத்தினார்கள். றெனால்ட் முன்னால் ஓடி வந்தார், செருப்பு இல்லை, சட்டை இல்லை, முகம் முழுக்கச் சேறும் சிரிப்பும்.

"எப்பிடி இருக்கிறான்? செலீனா, எப்பிடி இருக்கிறான்?"

அம்புலன்சோடு பொலிசும் றோட்டில் வந்து நிற்கிறது என்று மாரிமுத்து மூச்சு வாங்கச் சொன்னான். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. விபத்தில் ஆள் செத்தால், மரண விசாரணைக்காரர் வந்து பார்க்கும் மட்டும் உடம்பில் ஒருவரும் கை வைக்கக்கூடாது. யாருக்குத் தெரியாது இது? விசாரணைக்காரர் எங்கிருந்து வருவார், எந்த வழியால் வருவார், மதகு உடைந்து கிடக்கிறது. அதுவரைக்கும் என் பிள்ளை இந்த இரும்புக்குக் கீழே கிடப்பான். இன்னும் இன்னும் கீழே போவான். பின்னேரம் ஆகும், இருட்டும், இந்தக் களி அவன் முகத்தையும் மூடும். செத்துவிட்டான் என்று நான் வாய் திறந்தால் இந்தச் சனம் கையை எடுத்துவிடும். மெசினை நிறுத்திவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிடும்.

"மூச்சு இருக்கு," என்றேன்.

"கதைக்கிறானோ?"

"கதைச்சவன். இப்பவும் கதைச்சவன். கெதியா இழுங்கோ!"

சிங்கராசா குதித்து இறங்கிச் சங்கிலியை எடுத்தார். கை பழக்கத்தில் நேரே மேலே போனது, தன் மெசினின் சீற்றுக்குப் பின்னால் உயரத்தில் இருந்த வளையத்துக்கு.

"மேல வேண்டாம்!" நான் போட்ட சத்தத்தில் அவர் சங்கிலியைக் கீழே விட்டார். "கீழ கட்டுங்கோ! அச்சில, அச்சில கட்டுங்கோ! உங்களையும் மல்லாத்திப் போடும்!"

கீழே கட்டினார். எல்லாரும் ஒரு பக்கத்தில் தோள் கொடுத்தார்கள். நான் அவன் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இழுங்கோ, இழுங்கோ, உயிர் இருக்கு, இழுங்கோ" என்று கத்திக்கொண்டே இருந்தேன். சங்கிலி விறைத்தது. ரயர் பிடித்தது. மெசின் பெரிய சத்தத்தோடு மெதுவாகச் சரிந்து, அவனை விட்டு அந்தப் பக்கம் புரண்டது.

சனம் கை தட்டியது. றெனால்ட் முழங்காலில் விழுந்து அவன் தோளைப் பிடித்து உலுப்பினார். "மச்சான். டேய் மச்சான். அன்ரனி." அவன் தலை என் மடியில் உருண்டது. றெனால்ட் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கை தட்டினவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"எப்ப?" என்று கேட்டார்.

"நீங்கள் மெசினை ஸ்டார்ட் பண்ண முந்தி," என்றேன்.

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து அவன் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தார். பிறகு அவர் தலைப்பக்கமும் நான் கால்பக்கமுமாக அவனைத் தூக்கி, களிக்குள்ளால் றோட்டுக்கு நடந்தோம்.